சுக்கிரனைத் துரத்தி 11 வருஷம்... ஊர் திரும்பினால் அவர் 'இறந்து' போயிருந்தார்! வீராம்பட்டினம் செங்கல்லைப் பார்த்த பிரெஞ்சுக்காரரின் கதை

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போய், அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் காக்காயன்தோப்பு, அரிக்கமேடு, வீராம்பட்டினம் என்று வரிசையாக வரும். ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்த ரூட் மனப்பாடம். வலை, படகு, கருவாட்டு வாசம், அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் கடல்.

ஏறக்குறைய 255 வருஷத்துக்கு முன்னால் இதே ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சுக்காரர் நின்றார். ஊர்க்காரர்கள் கரையிலிருந்து பெரிய பெரிய பழைய செங்கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன கட்டடம் என்று விசாரித்தார். வீரராகன் என்ற ராஜாவின் பழைய கோட்டை என்று பதில் வந்தது. அதைக் குறித்துக்கொண்டார். பின்னாளில் ரோமானியக் காசும் மதுச் சாடியுமாக உலகப் புகழ்பெற்ற அரிக்கமேடு, ஐரோப்பியப் புத்தகம் ஒன்றில் முதன்முதலில் எட்டிப்பார்த்தது இப்படித்தான்.

ஆனால், அவர் இந்தச் செங்கல்லைப் பார்க்க வந்தவர் இல்லை. தொல்லியல் அவர் வேலையே இல்லை. அவர் வந்தது சுக்கிரனுக்காக. ஒரே ஒரு காலையில், சில மணி நேரம் தெரியப்போகிற சுக்கிரனுக்காக வீட்டைவிட்டுக் கிளம்பி எட்டு வருஷம் ஓடியிருந்தது.

பெயர் கியோம் லெ ஜென்டில். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது 'லெ ழான்த்தீ' மாதிரி ஒலிக்கும். நாம் லெ ஜென்டில் என்றே வைத்துக்கொள்வோம்.

சாமியாராகப் போனவர்

1725 செப்டம்பர் 12, பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் கூத்தான்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் பெரிய வசதி கிடையாது. பையன் பாதிரியாராகட்டும் என்று பாரிஸுக்கு இறையியல் படிக்க அனுப்பினார்கள். போன இடத்தில் தெலில் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. நம்மூரில் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டு ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறோமே, அந்த ரகம். அங்கி போய், தொலைநோக்கி வந்தது.

திறமைக்குக் குறைவில்லை. 1749-ல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி மண்டலத்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் வானியல் பட்டியல்களில் எம் 32 என்று அது இருக்கிறது. 1753-ல், 28 வயதுக்குள்ளேயே, பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இடம். பாரிஸ் வானிலை நோக்ககம் இல்லை, வானியல் நோக்ககம். அங்கேதான் வேலை, வாழ்க்கை எல்லாம். கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த ப்ராஜெக்ட் வந்தது.

சூரியன் நமக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இன்றைக்கு கூகுளில் தட்டினால் சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்று வந்துவிடும். அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. இதை அளக்க எட்மண்ட் ஹாலி 1716-லேயே ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுக்கிரன் எப்போதாவது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சரியாக வந்து, சூரியன் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி ஊர்ந்து போகும். அதைப் பூமியின் பல மூலைகளிலிருந்து பார்த்து, அது உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் விநாடி சுத்தமாகக் குறித்தால், கணக்கில் தூரம் வந்துவிடும்.

ஒரு சிக்கல். இந்தச் சுக்கிரன் நினைத்தபோது வராது. எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும்; அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆளையே பார்க்க முடியாது. 2004 ஜூனிலும் 2012 ஜூனிலும் நம்ம பசங்க பள்ளி மைதானத்தில் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்தது அதுதான். அடுத்தது 2117-ல். லெ ஜென்டில் காலத்தில் அந்த ஜோடி 1761, 1769.

ஐரோப்பா முழுக்க ஆட்கள் கிளம்பினார்கள். லெ ஜென்டிலுக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி. 1760 மார்ச் 26, 34 வயதில், பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். போய், பார்த்து, குறித்து, திரும்பி வர வேண்டியதுதான். நீளமான ஒரு ஆன்சைட் ட்ரிப் மாதிரி.

முதல் கோட்டை

ஜூலையில் மொரீஷியஸ் வந்து சேர்ந்தவருக்கு அங்கே கெட்ட சேதி காத்திருந்தது. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் உலகம் முழுக்கச் சண்டை. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். கப்பல் இல்லை. வயிற்றுக்கடுப்பு வேறு ஆளைப் படுக்கப் போட்டது. மாதங்கள் போயின. கடைசியில் 1761 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு ஒரு போர்க்கப்பல் கிளம்பியது. ஜூன் 6-க்கு இன்னும் மூணு மாசம் கூட இல்லை.

காற்று ஏமாற்றியது. கப்பல் அரபிக்கடலில் அங்கும் இங்கும் அலைக்கழிந்து, மே 24 வாக்கில் மலபார் கரையில் மாஹேவுக்குப் பக்கம் வந்தபோதுதான் தெரிந்தது, மாஹே ஆங்கிலேயர் கையில். புதுச்சேரியும் போய்விட்டது. ஜனவரியிலேயே விழுந்துவிட்டது! ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடிய அதே மாசம்தான் அவர் நாள் நாளாக எழுதிவைத்த அந்த நகரமும் விழுந்தது. ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் கப்பலை மொரீஷியஸுக்கே திருப்பினார்.

ஜூன் 6 வந்தது. லெ ஜென்டில் நடுக்கடலில். வானம் சுத்தமாக இருந்தது. சுக்கிரன் சூரியன் மேல் ஊர்ந்து போனது. அவர் அதைக் கண்ணாரப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. ஆடுகிற தளத்தில் பெண்டுலம் கடிகாரம் ஓடாது. தான் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறோம் என்பதும் துல்லியமாகத் தெரியாது. அளவு இல்லாத பார்வை அறிவியலுக்கு வெறும் வேடிக்கை.

இங்கேதான் அந்த முடிவு வருகிறது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். இவர் கணக்குப் போட்டார். அடுத்தது 1769. ஊருக்குப் போய்த் திரும்பி வருவதே ரெண்டு மூணு வருஷம். சரி, இங்கேயே இருந்துவிடுவோம்.

எட்டு வருஷம்.

இதை வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அவர் எடுத்த முடிவைத் தனியாகப் பார்த்தால் அதில் ஒரு லாஜிக் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வருஷத்துக்கு மேல் செலவாகிவிட்டது. கருவிகள் கையில் இருக்கின்றன. வேறு எவரும் இவ்வளவு பக்கத்தில் இல்லை. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்கிற அந்த நினைப்பு எவ்வளவு பலமானது என்று, நாலாவது வருஷமாக ஒரே ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு அலையும் எந்த உதவி இயக்குநரும் சொல்வார். அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் விடுபட்டிருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கும் அதே எட்டு வருஷம் ஓடும் என்கிற வரி.

காத்திருந்த காலம்

சும்மா இருக்கவில்லை மனுஷன். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் போட்டார். பருவக்காற்று, அலை, கடலோட்டம், மீன், செடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். நடுவில், 1769-ல் சுக்கிரனைப் பார்க்கப் புதுச்சேரியைவிட மணிலா வசதி என்று அவர் கணக்கு சொன்னது. 1766-ல் ஒரு ஸ்பானியக் கப்பலில் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு காமெடி. தன்னைப் பற்றிய சிபாரிசுக் கடிதங்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். அவை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டன. இவ்வளவு வேகமாகத் தபால் வராதே, இது போலியாகத்தான் இருக்கும், ஆள் ஒற்றனோ என்று ஸ்பானிய கவர்னருக்குச் சந்தேகம். வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஒரு தடவை தபால் சீக்கிரம் வந்தது. அதுவும் வினையாகப் போனது. அதே நேரம் பாரிஸ் அகாடமியும் புதுச்சேரிக்கே போகச் சொன்னது. ஒப்பந்தப்படி ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. 1768 மார்ச் 27, கிளம்பி எட்டு வருஷம் கழித்து, லெ ஜென்டில் ஒருவழியாகப் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்.

நகரம் பாதி இடிபாடு. கவர்னர் லா அவரை அன்பாக வரவேற்று, தகர்ந்துபோன பழைய கோட்டையின் மிச்சத்தின் மேலேயே ஒரு நோக்ககம் கட்டித் தந்தார். கீழே வெடிமருந்துக் கிடங்கு, மேலே தொலைநோக்கி! இன்னொரு வேடிக்கை, எந்த ஆங்கிலேயரின் சண்டையால் முதல் வாய்ப்பு போனதோ, அதே ஆங்கிலேயர் மதராஸிலிருந்து அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பிவைத்தார்கள்.

என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் சிறந்த காலம் அடுத்த பதினாலு மாசம்தான். சுக்கிரனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவசரம் இல்லை. மனுஷன் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். வீராம்பட்டினம் ஆற்றங்கரைக்குப் போனது, செங்கல்லைப் பார்த்து விசாரித்தது, அந்தப் பக்கத்து வெளியில் உட்கார்ந்த கோலத்தில் இருந்த ஒரு பழைய கற்சிலையைக் கவனித்தது எல்லாம் இந்தக் காலத்தில்தான். அருகன்மேடுதான் அரிக்கமேடு ஆயிற்று என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இந்த மாதிரிச் சிலையைத்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், நம்ம ஊர்ப் பஞ்சாங்கக் கணக்கு. கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று இங்கே சிலர் தரையில் சோழிகளை நகர்த்தியே கணக்குப் போடுவதைப் பார்த்தார். காகிதம் இல்லை, பேனா இல்லை. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். பாரிஸ் அகாடமி உறுப்பினர், பந்தா பார்க்காமல் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். பிறகு சோதித்தும் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் அன்றைக்கு மிகச் சிறந்ததாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. சோழிக்குத்தான் வெற்றி! அதை மறைக்காமல் எழுதினார். இந்திய வானியல் பற்றி ஐரோப்பாவில் பெரிய விவாதம் கிளம்பியதற்கு அவர் கொண்டுபோன தமிழ்க் கணக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால், இதெல்லாம் அவருக்கு டைம்பாஸ். உண்மையான வேலை, ஜூன் 4 காலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1769 மே மாசம் முழுக்கக் காலை வேளைகள் கண்ணாடி மாதிரி இருந்தன. ஜூன் பிறந்தும் அப்படியே. சூரியன் கடலிலிருந்து எழும்போதே சுக்கிரன் அதன் மேல் இருக்கும்; அது வெளியேறுவதைத்தான் புதுச்சேரியிலிருந்து பார்க்க முடியும். எழும் சூரியன், கிழக்குக் கடல், தடுக்க ஒரு மலைகூட இல்லை. இதைவிட நல்ல சீட் எங்கே கிடைக்கும்?

ஜூன் 4, ஞாயிறு. அதிகாலை 2 மணிக்கு விழிப்பு வந்தது. தென்கிழக்குத் திசையிலிருந்து, அதாவது வீராம்பட்டினம் இருக்கும் பக்கமிருந்து, கரையில் அலை மோதும் இரைச்சல் கேட்டது. சந்தோஷப்பட்டார். தென்கிழக்குக் காற்று இந்தக் கரைக்கு விளக்குமாறு மாதிரி, மேகத்தைக் கூட்டிப் பெருக்கிவிடும் என்று இத்தனை மாசத்தில் கற்றுவைத்திருந்தார். எழுந்து வெளியே பார்த்தார்.

வானம் முழுக்க மேகம். காற்றே இல்லை.

5 மணிக்குக் காற்று கிளம்பியது, கூடவே சூறை. மணலை வாரி இறைத்தது, கடல் நுரைத்து வெள்ளையாகிவிட்டது. அப்புறம் அதுவும் அடங்கியது. மேகம் மட்டும் அசையவில்லை. சூரியன் எங்கேயோ எழுந்தது. 6 மணி. 7 மணி. சுக்கிரன் சூரியனைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஒரு வெளிறிய வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் அடிக்க ஆரம்பித்து, நாள் முழுக்க அடித்தது.

அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. இதை அவரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நம் ஜோசியத்தில் சுக்கிர திசை என்றால் அதிர்ஷ்டம். சுக்கிரன்தான் காதலுக்கும் கல்யாணத்துக்கும் அதிபதி, களத்திரகாரகன் என்பார்கள். சோழிக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்களில் யாராவது இதையும் அவருக்குச் சொல்லியிருப்பார்களா என்று எனக்கு ஒரு யோசனை. ஒன்பது வருஷம் சுக்கிரனைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்த 43 வயது பிரம்மச்சாரிக்கு அதே சுக்கிரன் காட்டிய முகம் இது.

ரெண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. தினமும் காற்றையும் மீனையும் எழுதிவைத்த மனுஷன், பாரிஸுக்கு ஒரு அறிக்கை எழுத உட்காரும்போதெல்லாம் கை நழுவியது. இன்றைக்கு இதற்குப் பெயர் இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகட்டும் விடு என்று சொல்ல வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லை. பின்னாலேயே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன.

இதே புதுச்சேரியில் 140 வருஷம் கழித்து இன்னொருவர் எழுத்தே கதியென்று கிடந்தார். பாரதி. அவர் கதையில் உலைக்கு அரிசி தேடுகிற செல்லம்மாள் இருக்கிறார்; அந்தப் பாரத்தை யார் சுமந்தது என்று நாம் இன்றைக்கும் பேசுகிறோம். லெ ஜென்டிலின் கதையில் அப்படிச் சுமக்க யாரும் இல்லை. யாரையும் பட்டினி போடவில்லை, யாரையும் கண்ணீர் விட வைக்கவில்லை. அதனால் அவர் செய்தது சுத்தமான ஆர்வம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொல்லிவிடலாமா? அவர் ஊர் திரும்பிய கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செத்தவர் வந்து நின்றார்

1770 மார்ச் 1 புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். மொரீஷியஸில் மறுபடி காத்திருப்பு. நவம்பரில் ஏறிய கப்பல் புயலில் சிக்கி நொறுங்கி, புத்தாண்டன்று மொரீஷியஸுக்கே திரும்பி வந்தது. 1771 மார்ச்சில் ஒரு ஸ்பானியக் கப்பல் கிடைத்தது. அது காதிஸ் துறைமுகம் வரைதான். அங்கே இறங்கினார். கடல் போதும் என்று ஆகியிருக்க வேண்டும். மீதி வழியைத் தரையிலேயே கடந்தார். அக்டோபர் 8 அன்று பைரனீஸ் மலையைத் தாண்டி பிரான்ஸுக்குள் நுழைந்தபோது கிளம்பி 11 வருஷம், 6 மாசம், 13 நாள் ஆகியிருந்தது. நாள் கணக்கு வைத்திருந்தது அவரேதான்.

சொந்த ஊரில் அவரைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஏனென்றால் அவர் இறந்துவிட்டார். அப்படித்தான் ஊரில் பேச்சு. உறவுக்காரர்கள் சொத்தைப் பங்கு போடும் வேலையில் இறங்கியிருந்தார்கள். அவருடைய வரும்படியைப் பார்த்துக்கொள்ள நியமித்திருந்த ஆள், பணம் திருட்டுப் போய்விட்டது என்று கையை விரித்தார். லெ ஜென்டில் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். எதிராளியின் செலவையும் கட்டச் சொன்னார்கள். பாரிஸில் அகாடமி நாற்காலியும் போயிருந்தது. அவரை ஓய்வுபெற்றவர் பட்டியலில் தள்ளிவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ராஜா தலையிட்ட பிறகு 1772-ல்தான் அது திரும்பக் கிடைத்தது.

கடிதமே போடவில்லையா? போட்டார். நிறையப் போட்டார். சண்டைக் காலம், கப்பல் மூழ்கும், பிடிபடும், தபால் தொலையும். அவரைப் பொறுத்தவரை அவர் தொடர்பில்தான் இருந்தார். ஊரைப் பொறுத்தவரை பதினோரு வருஷ மௌனம். ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மை. உறவுக்காரர்களை வில்லனாக்குவது சுலபம். இணையத்தில் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பணத்தாசை இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், ஒன்றிரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று கப்பல் ஏறிய மனிதர் போர் நடக்கிற கடலில் காணாமல்போய், பத்து வருஷம் சேதியே இல்லை என்றால் நம் வீட்டிலும் திதி கொடுத்திருப்போம்தானே?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லெ ஜென்டில் திரும்பி வந்தபோது அவர் மனைவி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வெர்ஷன் பல இடங்களில் சுற்றுகிறது. ரீல்ஸுக்குச் செம கன்டென்ட். ஆனால் பொய். அவருக்கு அப்போது மனைவியே கிடையாது. 1992-ல் மவுரீன் ஹன்ட்டர் என்ற கனடா நாடகாசிரியர் இவரைப் பற்றி எழுதிய நாடகத்தில்கூட, காத்திருக்கும் ஒரு காதலியைப் புதிதாகப் படைத்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தக் கதைக்கு ஒரு பெண்ணின் கண்ணீர் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. காத்திருக்க ஒருவரும் இல்லாமல் ஒரு மனிதன் 34-லிருந்து 46 வரை கழித்திருக்கிறான் என்பது அதைவிடச் சங்கடமான உண்மை. அதனால்தானோ என்னவோ அதை யாரும் சொல்வதில்லை.

அவர் கூட்டாளிகள் சிலருக்கு ஆனது இதைவிட மோசம். ஷாப் தோத்தரோஷ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1761-ல் சைபீரியா போய் வெற்றிகரமாகப் பார்த்தார். 1769-ல் மெக்ஸிகோ பக்கம் போய் மறுபடியும் வெற்றிகரமாகப் பார்த்தார். பார்த்த ரெண்டு மாசத்துக்குள் அங்கேயே தொற்றுநோயில் செத்துப்போனார். இப்படிப் பலர் கொண்டுவந்த எண்களை வைத்து லாலாந்த் என்பவர் 1771-ல் சூரியன் 15.3 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார். இன்றைய அளவு 14.96 கோடி. அந்தக் காலத்துக்கு அபாரமான துல்லியம். அதில் லெ ஜென்டில் கொண்டுவந்த எண் ஒன்றுகூட இல்லை.

46-க்கு அப்புறம்

வழக்கு, நாற்காலி, சொத்து என்று எல்லாப் பஞ்சாயத்தும் ஓய்ந்தபின் அவர் செய்த முதல் பெரிய காரியம், கல்யாணம். தன் ஊர்ப் பக்கத்திலேயே, வசதியான வீட்டுப் பெண். குடும்பப் பெயர் பொத்தியே. ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் நோக்ககத்திலேயே குடித்தனம்.

அவர் காலமான பிறகு அவரைப் பற்றி எழுதிய சக வானியலாளர் காசினி, கடலில் கழித்த வருஷங்கள் ஆளைக் கொஞ்சம் முரடாக்கி, கூட்டத்திலிருந்து ஒதுங்க வைத்திருந்தன என்கிறார். வீட்டுக்குள் அப்படி இல்லையாம். நல்ல கணவர், நல்ல அப்பா என்று சொல்கிறார். அஞ்சலி எழுதும்போது எல்லோரும் சொல்வதுதானே என்று தோன்றலாம். ஆனால், இன்னொரு விஷயம் இருக்கிறது. திரும்பி வந்தபிறகு அவருக்கு இன்னும் 21 வருஷம் ஆயுள் இருந்தது. அந்த 21 வருஷத்தில் அவர் எந்தக் கப்பலிலும் தூரதேசம் போகவில்லை.

வேலையையும் விடவில்லை. மகள் வளர்கிற வீட்டில் உட்கார்ந்து, இந்துமாக்கடல் பயணத்தைப் பற்றி ரெண்டு பெரிய பாகம் எழுதி 1779-லும் 1781-லும் வெளியிட்டார். எந்த விஷயத்துக்காகப் போனாரோ, அதைப் பற்றி அதில் சொல்ல ஒரு தோல்விதான் இருந்தது. மீதியெல்லாம், காத்திருக்கும்போது டைம்பாஸுக்குப் பார்த்தவை. காற்று, கடலோட்டம், மணிலா, மடகாஸ்கர், சோழிக் கணக்கு. கூடவே, வீராம்பட்டினத்து ஆற்றங்கரையில் ஊர்க்காரர்கள் பெயர்த்தெடுத்த அந்தச் செங்கல்.

அந்தச் செங்கல்லின் மதிப்பு அவருக்கே தெரியாது. 1937-ல் புதுச்சேரியிலிருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அங்கே விளையாடும் சிறுவர்கள் கண்டெடுத்த மணிகளையும் ரோமானியத் தலை செதுக்கிய ஒரு கல்லையும் பார்த்து அசந்துபோனார். 1945-ல் மார்டிமர் வீலர் வந்து தோண்டியபோது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய துறைமுகம் வெளியே வந்தது. அடுத்துத் தோண்டிய காஸால், தன் புத்தகத் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பேரைச் சேர்த்தார். அரிக்கமேட்டின் ஆய்வு வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் தொடங்குவது லெ ஜென்டிலின் அந்தச் சில வரிகளிலிருந்து. நிலாவின் தென்துருவத்துப் பக்கம் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1792 அக்டோபர் 22, தன் 67-வது வயதில் லெ ஜென்டில் இறந்தார். இந்த முறை சேதி நிஜம்.